தலையாய கடமை: வாஷிங்டன் மாநிலத்தில் 11 ஆண்டு நடந்த பள்ளிக்கூட வழக்கு

2018 பிப்ரவரியில், சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுன்டியில் வீட்டுக்கு வீடு சொத்துவரிச் சீட்டு வந்தது. போன வருஷத்தைவிடச் சராசரியாக 17 சதவீதம் கூடுதல். ரெட்மண்ட், சமாமிஷ், பாத்தல் பக்கம் கடனில் வீடு வாங்கியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் மெக்கிளியரி வழக்கு என்ற பெயரை முதலில் கேள்விப்பட்டன. உயர்வில் பெரும்பகுதி பள்ளிக்கூடங்களுக்காக மாநிலம் போட்ட வரி என்றார்கள். பிள்ளைகள் படிப்புக்குத்தானே, சரி, கொடுத்துவிடலாம் என்பதே பலருடைய நினைப்பு. ஆனால் அதே வருஷம் கோடை விடுமுறை முடிந்ததும் ஊர் ஊராக ஆசிரியர் வேலைநிறுத்தம். மறுவருஷம் வசந்தத்தில், அந்தந்த ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ‘பள்ளி மாவட்டங்கள்’ ஆட்குறைப்பு அறிவித்தன. இவ்வளவு பணம் போயும் ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் 1889 வரை போக வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு வாக்கியம்

வாஷிங்டன் 1889இல் அமெரிக்காவின் ஒரு மாநிலமானது. அப்போது எழுதிய அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் பிரிவு ஒரே வாக்கியத்தில் தொடங்குகிறது. இனம், நிறம், சாதி, பால் என்ற எந்த வேற்றுமையும் பாராமல், மாநில எல்லைக்குள் வாழும் எல்லாக் குழந்தைகளின் கல்விக்கும் தாராளமாக வழிசெய்வது மாநிலத்தின் தலையாய கடமை என்கிறது அது. சாதி என்ற சொல்லை நான் சேர்க்கவில்லை. மூலத்திலேயே ‘காஸ்ட்’ என்றுதான் இருக்கிறது. முதல் தடவை படித்தபோது அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நம்மில் எத்தனையோ பேருடைய பாட்டன் பூட்டன்களைப் பள்ளிக்கூட வாசலில் தடுத்து நிறுத்திய சொல் அது.

சாலை போடுவது, சிறை நடத்துவது, காட்டைக் காப்பது எல்லாமே அரசின் கடமைதான். ஆனால் சாசனம் ‘தலையாய’ என்று சொல்வது கல்வியை மட்டும். அப்படியானால் பட்ஜெட் போடும்போது முதலில் பள்ளிக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மற்றவற்றுக்குப் பங்கு போட வேண்டும். நடந்தது நேர்மாறு.

வழக்கு நடந்த காலத்தில் வாஷிங்டனில் வருமான வரி கிடையாது. விற்பனை வரி, தொழில் வரி, சொத்துவரி, இவற்றை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள். மாநிலம் கொடுப்பது போதாதபோது ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் ஊர் மக்களிடம் வாக்குக் கேட்டுக் கூடுதல் சொத்துவரி வசூலித்துக்கொள்ளும். இங்கே எல்லோரும் அதை லெவி என்பார்கள். 1975இல் சியாட்டில் மக்கள் லெவியைத் தோற்கடித்தார்கள். மாவட்டத்துக்குக் கைச்செலவுக்கே வழியில்லாமல் போய் நீதிமன்றத்துக்குப் போனது. 1978இல் மாநில உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அடிப்படைக் கல்விக்கான பணம் ஒவ்வொரு முறையும் வாக்கெடுப்பை நம்பி இருக்கக் கூடாது, மாநிலமே நிலையான வரி வருமானத்திலிருந்து தர வேண்டும். சட்டமன்றமும் 1977இலேயே அடிப்படைக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்து, லெவிக்கு, மாநிலம் தரும் தொகையில் 10 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருந்தது.

அப்புறம் அந்த உச்சவரம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. 28 சதவீதம் ஆனது. சில மாவட்டங்களுக்கு அதற்கும் மேல் சலுகை கிடைத்தது. மாநிலம் தர வேண்டியதை ஊர் தர ஆரம்பித்தது. மைக்ரோசாஃப்ட் வளாகத்தைச் சுற்றி வீட்டு மதிப்பு அதிகம், அங்கே சின்ன விகிதத்தில் வரி போட்டாலே பெரிய தொகை சேரும். மலைக்கு அந்தப் பக்கம் ஆப்பிளும் கோதுமையும் விளைகிற ஊர்களில் அதே தொகையைத் திரட்ட மக்கள் இரண்டு மூன்று மடங்கு விகிதம் கட்ட வேண்டும். ஒரு குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்பதை அது பிறந்த தெருவின் வீட்டு மதிப்பு முடிவு செய்தது.

சிமகத்திலிருந்து ஒரு குடும்பம்

ஒலிம்பிக் தீபகற்பத்தில், போர்ட் டவுன்சென்ட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் சிமகம். 2007 ஜனவரியில் அந்த ஊர் மெக்கிளியரி தம்பதியும், ஸ்னோஹோமிஷ் பகுதியைச் சேர்ந்த இன்னொரு குடும்பமும் மாநில அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். மெக்கிளியரி வீட்டுப் பையன் அப்போது இரண்டாம் வகுப்பு. கூடவே பள்ளி மாவட்டங்கள், ஆசிரியர் சங்கங்கள், மாநிலப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. வழக்கறிஞர் தாமஸ் அஹெர்ன்.

பெற்றோர் பெயரில் வழக்கு நடந்தது சின்ன விஷயம் இல்லை. பள்ளி மாவட்டம் மட்டும் வழக்குப் போட்டால் அது இரண்டு அரசு அலுவலகங்களுக்கு நடுவே நடக்கும் கணக்குத் தகராறாக ஆகிவிடும். சாசனம் கடமை என்று சொல்வது குழந்தைகளுக்கான கடமை. குழந்தை சார்பில் அம்மாவும் அப்பாவும் வந்து நின்றபோது, கேள்வி ‘எத்தனை கோடி பற்றாக்குறை’ என்பதிலிருந்து ‘இந்தப் பிள்ளைக்குத் தர வேண்டியதைத் தந்தாயா’ என்று மாறியது.

2009இல் எட்டு வாரம் விசாரணை நடந்தது. 2010 பிப்ரவரியில் நீதிபதி ஜான் எர்லிக் குடும்பங்களின் பக்கம் தீர்ப்பளித்தார். மாநிலம் மேல்முறையீடு செய்தது. 2012 ஜனவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. நீதிபதி டெப்ரா ஸ்டீஃபன்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பில் ‘தாராளம்’ என்றால் ‘ஏதோ போதும்’ என்பதைவிடக் கணிசமாக அதிகம் என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி அடிப்படைக் கல்வித் திட்டங்களை வெட்ட முடியாது என்றும் சொன்னார்கள். 2008 வீழ்ச்சிக்குப் பிறகு எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த வார்த்தை அது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நீதிமன்றம் தானாக ஒரு பட்டியல் போட்டு நீட்டவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2009லும் 2010லும், சட்டமன்றம் இரண்டு சட்டங்கள் போட்டிருந்தது: பேருந்துச் செலவு முழுதும் தருவோம், கரண்ட் பில் முதல் புத்தகம் வரையான அன்றாடச் செலவைத் தருவோம், கிண்டர்கார்டன் முழுநாள் நடத்துவோம், முதல் சில வகுப்புகளில் 17 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் வைப்போம், 2018க்குள் முடிப்போம் என்று. நீதிபதிகள் அதையே எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் கொடுத்த வாக்கு, நீங்கள் சொன்ன கெடு, நிறைவேற்றுங்கள். நிறைவேறும்வரை வழக்கை எங்கள் கையிலேயே வைத்திருக்கிறோம் என்றார்கள்.

புல்வெளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

தலைநகர் ஒலிம்பியாவில் சட்டமன்றக் கட்டடமும் உச்ச நீதிமன்றமும் நேர் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒரு புல்வெளி. 2012 முதல் 2018 வரை அந்தப் புல்வெளியைத் தாண்டி உத்தரவுகளும் அறிக்கைகளும் போய்வந்துகொண்டே இருந்தன.

2013இல் சட்டமன்றம் ஏறக்குறைய 100 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கியது. போதாது, முழுத் திட்டத்தையும் 2014 ஏப்ரல் 30க்குள் எழுதிக் கொடுங்கள் என்றது நீதிமன்றம். திட்டம் வரவில்லை. மேலவையான செனட் குடியரசுக் கட்சி சார்ந்த ஒரு கூட்டணியின் கையில், கீழவை ஜனநாயகக் கட்சியின் கையில். புதிய வரி என்ற பேச்சை ஒரு பக்கம் எடுக்கவே விடவில்லை. 2014 செப்டம்பர் 11 அன்று மாநில வரலாற்றில் முதல் முறையாகச் சட்டமன்றத்தின் மேல் நீதிமன்ற அவமதிப்பு என்று உத்தரவு வந்தது. அடுத்த கூட்டத்தொடர்வரை தண்டனையை நிறுத்திவைத்தார்கள். 2015இல் 130 கோடி டாலர் சேர்ந்தது, ஆனாலும் திட்டம் முழுமையாகவில்லை. 2015 ஆகஸ்ட் 13 முதல் நாளொன்றுக்கு 1,00,000 டாலர் அபராதம்.

இந்த இடத்தில் பெற்றோர் சும்மா இருந்துவிடவில்லை. 2014 நவம்பரில் வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் 1351ஆம் எண் மக்கள் முன்மொழிவு வாக்கெடுப்பில் மயிரிழையில் வென்றது. பணத்துக்கு வழி சொல்லாத முன்மொழிவு அது. சட்டமன்றம் 2015இல் அதைத் தள்ளிப்போட்டுவிட்டது. அதே 2015இல் சியாட்டில் பெற்றோர் சிலர் சாசனத்தின் ‘தலையாய கடமை’ என்ற சொல்லையே எடுத்து ‘வாஷிங்டன்ஸ் பாராமவுண்ட் டியூட்டி’ என்று அமைப்பு தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது வேறு மாதிரி. எவ்வளவு பணம் என்பதோடு நிற்காமல், எங்கிருந்து பணம் என்றும் கேட்டார்கள்.

அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. 2013 நவம்பரில் ஆளுநர் ஜே இன்ஸ்லி ஒரு சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டினார். போயிங் நிறுவனம் 777எக்ஸ் விமானத்தை இங்கேயே தயாரிக்க வேண்டும் என்பதற்காக, 2040 வரை மொத்தம் 870 கோடி டாலர் மதிப்புள்ள வரிச்சலுகை நீட்டிப்பு. மூன்று நாளில் நிறைவேறியது. பள்ளிக்கான திட்டத்தை எழுதிக் கொடுக்க இரண்டு வருஷமாக முடியாத அதே சபை. வேலைவாய்ப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனம் இருந்தால் மூன்று நாளில் செய்ய முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. 2016இல் அந்தப் பெற்றோர் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது: சட்டமன்றம் பணம் இல்லை என்று சொல்லுமானால் வரிச்சலுகைச் சட்டங்களை ரத்து செய்வதைப் பரிசீலியுங்கள் என்று. நீதிமன்றம் அந்த வழிக்குப் போகவில்லை. பணத்தைத் திரட்டும் வழி சட்டமன்றத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டது.

என் பார்வையில் வழக்கின் திருப்புமுனை இதுதான். ‘எவ்வளவு’ என்பதில் நீதிமன்றம் பெற்றோருக்குத் துணை நின்றது. ‘எப்படி’ என்பதை அரசியல்வாதிகளிடமே விட்டது. பின்னால் வந்த சிக்கல் ஒவ்வொன்றும் அந்த ‘எப்படி’யிலிருந்து முளைத்தது.

2017 ஜூன் 30

2017இல் வழக்கமான 105 நாள் கூட்டத்தொடர் முடிந்து, முதல் சிறப்புத் தொடர் முடிந்து, இரண்டாவதும் முடிந்து, மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. ஜூலை 1க்குள் பட்ஜெட் இல்லையென்றால் அரசு அலுவலகங்களை மூட வேண்டும். பள்ளிகளுக்கான நிதித் திட்டமான 2242ஆம் மசோதாவின் முழு வாசகம் வெளியே வந்ததற்கும் வாக்கெடுப்புக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நாள்தான். பத்து வருஷம் காத்திருந்த பெற்றோர் அதைப் படித்து முடிப்பதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஆளுநர் பட்ஜெட்டில் கையெழுத்துப் போட்டபோது இரவு 11 மணி தாண்டியிருந்தது.

நான்கு ஆண்டில் 730 கோடி டாலர் பள்ளிகளுக்குக் கூடுதல் என்றார்கள். பெரிய தொகை, சந்தேகமே இல்லை. ஆனால் அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். மாநிலச் சொத்துவரி 1,000 டாலர் மதிப்புக்கு 2.70 டாலராக ஏறியது. ஈடாக உள்ளூர் லெவிக்கு 2019 முதல் கடிவாளம்: 1,000 டாலர் மதிப்புக்கு 1.50 டாலர், அல்லது ஒரு மாணவருக்கு 2,500 டாலர், எது குறைவோ அதுவரைதான். ஊர் கையிலிருந்து எடுத்து மாநிலத்தின் கையில் கொடுப்பதால் இதற்கு ‘லெவி மாற்று’ என்று பெயர் வந்தது. 2018இல் மட்டும் புது மாநில வரியும் பழைய லெவியும் ஒன்றாக விழுந்தன. அந்த 17 சதவீதச் சீட்டின் விளக்கம் இதுதான். கூச்சல் பெரிதானதும் 2019க்கு மட்டும் 30 சென்ட் குறைத்தார்கள்.

சம்பளத்தில் இன்னொரு சிக்கல். ஆசிரியர் சம்பளத்துக்கு மாநிலம் தரும் தொகை சராசரி 64,000 டாலராக உயர்ந்தது. இது நியாயம், இதற்காகத்தான் பல வருஷம் போராடினார்கள். ஆனால் வீட்டு விலை அதிகமான வட்டாரங்களுக்கு 6, 12, 18 சதவீதம் கூட்டித் தருவது என்று வைத்தார்கள். விலைவாசியை ஈடுகட்ட என்பது வாதம். விளைவு என்னவென்றால், இரண்டு மாவட்டங்கள் அடுத்தடுத்து இருந்து, கோட்டின் இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 6 என்றால் நல்ல ஆசிரியர் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போய்விடுவார். வீட்டு மதிப்பு பிள்ளையின் படிப்பை முடிவு செய்யக் கூடாது என்று தொடங்கிய வழக்கு, வீட்டு மதிப்பை வைத்தே சம்பளம் பங்கிடும் சட்டத்தில் வந்து முடிந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

2017 நவம்பரில் நீதிமன்றம் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. சம்பளப் பணம் மட்டும் ஒரு வருஷம் தாமதமாக வருகிறது, 2018 செப்டம்பருக்குள் வர வேண்டும் என்றது. அதே மாதம் ரெட்மண்ட், கர்க்லாண்ட் பகுதிகள் அடங்கிய 45ஆம் தொகுதி இடைத்தேர்தலில் மான்கா திங்ரா வென்று செனட் ஜனநாயகக் கட்சியின் கைக்கு மாறியது. 2018 கூட்டத்தொடரில் மீதிப் பணம் ஒதுக்கினார்கள், 10 கோடியே 52 லட்சம் டாலர் அபராதத்தையும் பள்ளிக்கணக்கில் போட்டார்கள். 2018 ஜூன் 7 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. வழக்குத் தொடங்கியபோது இரண்டாம் வகுப்பில் இருந்த பையன் அதற்குள் பள்ளிப் படிப்பையே தாண்டிவிட்டான்.

சம்பளப் பணம் மொத்தமாக வந்ததும் அதை எப்படிக் கொடுப்பது என்பதில் மாவட்டங்களுக்கும் சங்கங்களுக்கும் இழுபறி. அதுதான் 2018 வேலைநிறுத்தங்கள். உயர்ந்த சம்பளம் நிரந்தரம், லெவி வருமானமோ குறைந்தது. அதுதான் 2019 ஆட்குறைப்பு. அந்த ஏப்ரலிலேயே சட்டமன்றம் கடிவாளத்தைத் தளர்த்தி லெவியை 2.50 டாலர்வரை மறுபடி அனுமதித்தது.

127 பிள்ளைகள்

இந்த வழக்கில் யாரும் அதிகம் பேசாத ஒரு பகுதி இருக்கிறது. எனக்கு அதுவே முக்கியம்.

சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் மாநிலம் வழக்கமான தொகைக்கு மேல் ஒரு பங்கு தரும். ஆனால் ஒரு மாவட்டத்தில் எத்தனை குழந்தைக்கு என்பதற்கு உச்சவரம்பு வைத்திருந்தார்கள்: மொத்த மாணவர்களில் 12.7 சதவீதம். 1,000 பிள்ளைகள் படிக்கும் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 160 பேருக்குச் சிறப்புக் கல்வி தேவை என்று மதிப்பீட்டில் தெரிந்தாலும் மாநிலத்தின் கணக்கில் 127 பேர்தான். மீதி 33 பேரை விட்டுவிடவும் முடியாது. பேச்சுப் பயிற்சியோ, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளரோ, என்ன தேவையோ அதைத் தர வேண்டும் என்பது மத்தியச் சட்டம். அப்படியானால் பணம்? லெவியிலிருந்து. லெவி வலுவாக உள்ள ஊர் சமாளித்துவிடும். இல்லாத ஊரில் அந்த அம்மாவுக்கு ‘மதிப்பீட்டுக்குக் காத்திருங்கள்’ என்ற பதில்தான் கிடைக்கும். அதிகச் செலவாகும் பிள்ளைகளுக்கு மாவட்டம் தனியாக விண்ணப்பித்துப் பெறும் நிதி ஒன்று உண்டு, ஆனால் அது முழுப் பள்ளத்தையும் நிரப்புவது இல்லை.

இந்த ஏற்பாட்டை எதிர்த்துச் சில பள்ளி மாவட்டங்கள் தனியாகப் போட்ட வழக்கு 2010 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனது. 2017 மசோதா உச்சவரம்பை 13.5 ஆக்கியது. 127 பேர் 135 ஆனார்கள், அவ்வளவுதான்.

இதை நகர்த்தியது நீதிமன்றம் இல்லை, பெற்றோர். இங்கே ஒரு மசோதா குழுவுக்கு வரும்போது யார் வேண்டுமானாலும் சட்டமன்ற இணையதளத்தில் ஆதரவு, எதிர்ப்பு என்று பெயர் பதியலாம். பேச விரும்பினால் பேசலாம், ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ தருவார்கள். 2021 முதல் வீட்டிலிருந்தே வீடியோவில் பேசலாம். மாற்றுத்திறன் உள்ள குழந்தையைத் தனியே விட்டுவிட்டு ஒலிம்பியாவுக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்ட முடியாத ஒரு தாய்க்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று யோசித்துப் பாருங்கள். மடியில் பிள்ளை, கேமராவில் முகம், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் இப்படித்தான் போனது. 2023இல் உச்சவரம்பு 15 ஆனது, 2024இல் 16. 2025இல் 5263ஆம் மசோதா உச்சவரம்பையே எடுத்துவிட்டது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. புதுப் பள்ளிக் கட்டடம் கட்டக் கடன்பத்திரம் போட ஊர் மக்களின் 60 சதவீத வாக்கு இன்னும் வேண்டும். கொலம்பியா நதிக்கரையில் இருக்கும் வாக்கியாகம் என்ற சின்ன மாவட்டம் கட்டடச் செலவும் தலையாய கடமைக்குள் வரும் என்று, அதே வழக்கறிஞர் அஹெர்னை வைத்து வாதாடியது. 2023 செப்டம்பரில் நீதிபதிகள் ஒருமனதாக வராது என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு பக்கம், 2021இல் கொண்டுவந்த மூலதன ஆதாய வரியை உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதிசெய்தது. வருஷத்துக்கு 2,50,000 டாலருக்கு மேல் பங்கு விற்று லாபம் பார்ப்பவர்கள் 7 சதவீதம் கட்ட வேண்டும், அதில் முதல் 50 கோடி டாலர் கல்விக்கணக்குக்குப் போகும் என்று 2021இல் வைத்திருந்தார்கள். 2024 நவம்பரில் அதை நீக்கச் சொல்லி வந்த முன்மொழிவை மக்கள் பெரிய வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். எங்கிருந்து பணம் என்று பெற்றோர் கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் தாமதமாக வந்த பதிலாகவே இதைப் பார்க்கிறேன்.

2242ஆம் மசோதா நிறைவேறிய அதே 2017ஆம் வருஷம், செப்டம்பரில் கிண்டர்கார்டன் சேர்ந்த ஒரு குழந்தை, மாநிலத்தின் உச்சவரம்புக் கணக்கில் இடம் இல்லாத 33 பேரில் ஒன்றாக இருந்திருக்கலாம். உச்சவரம்பு போனபோது அது எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது.